மூன்று நாள் தாகம்

விதை நிலையத்தில், கோசலை விற்கக் கொண்டுவந்த வெண்டை விதையை இயந்திரத்தில் வைத்துப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

“அக்கா, பூ எடுத்த சமயத்துல செடி மூணு நாள் தண்ணியில்லாம காஞ்சிருக்கு. தாய் பட்ட தாகம் விதையில எறங்கிடுச்சு. இதுல முளைக்கிற செடியும் பயந்துக்கிட்டே குட்டையா நிக்கும். எடுக்க முடியாதுக்கா.”

செடி பூ எடுத்தபோது கோசலை தங்கை கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போயிருந்தாள். தினமும் போனில் கேட்டபோதெல்லாம் “பாய்ச்சிட்டேன்” என்றுதான் கணவன் அங்கமுத்து சொன்னான்.

விதைப் பையோடு வீடு திரும்பியவள் அவனிடமே கேட்டாள். “நான் ஊர்ல இல்லாதப்ப தண்ணி பாய்ச்சலையா?”

“ஒரு நாள் மறந்துட்டேன்.”

“விதையில மூணு நாள்னு இருக்குங்க.”

அங்கமுத்து அந்தப் பையை வாங்கித் திண்ணையில் வைத்தான்.

“நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன். சொன்னா கல்யாணத்தை விட்டுட்டு ஓடியாந்துருவே.”

மாட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து நீட்டினான். கோசலை தன் சர்க்கரை மாத்திரை டப்பாவைத் திறந்து, அவற்றையும் அதிலேயே வைத்தாள்.