பார்க்கிற பெடியள்

"பெத்த பிள்ளைக்கு நினைவஞ்சலி வேண்டாம் எண்டு ஒரு தாய் சொல்லுவாளோ?"

ரதீசன் போனை எறியாத குறையாக மேசையில் வைத்தான். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இயங்கும் தமிழ்த் தொலைக்காட்சிக்கு விளம்பரம் பிடிப்பது அவன் வேலை. நகைக்கடைக்காரர், வீடு விற்கிறவர் எல்லோரும் முகநூலுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது செத்தவர்கள்தான்.

"ஆரடா அது?" என்றார் முதலாளி மகேந்திரராசா.

"பியர்பொன்ட்ஸிலை இருக்கிற யோசெப்பின் அன்ரி. மகன் டினோஜன், இருபத்திரண்டு வயசுப் பெடியன், கார் புரண்டு செத்து வாற கிழமை ஒரு வருசம். தமக்கைக்காரி காசு கட்டிப்போட்டாள். தாய் படம் தரமாட்டாவாம். போடவும் கூடாதாம்."

"கல்நெஞ்சுக்காரி! நேரை போய்க் கதை. லண்டனிலை பெரிய சனலுகளுக்கே வருசா வருசம் பாக்கிற சனமும் குறையுது, விளம்பரமும் குறையுது. வெள்ளைக்காரனே இழுத்துக்கொண்டு கிடக்கிறான், நாங்கள் எந்த மூலைக்கு?"

சொல்லிக்கொண்டே கணினித் திரையைத் திருப்பினார். சனலைப் பார்க்கிறவர்களின் கணக்கு. ஒவ்வொரு வருடமும் கோடு கீழே கீழே போயிருந்தது. இந்த வருடமும்தான். ஒரே ஒரு கோடு மட்டும் மேலே.

"இதைப் பார். பதினெட்டுக்கும் இருபத்தஞ்சுக்கும் இடைப்பட்ட ஆக்கள். போன வருசம் முட்டை. இந்த வருசம் ஏறியிருக்கு! எங்கடை பெடியள் தமிழுக்குத் திரும்பி வாறாங்களடா!"

ரதீசனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கணக்கு எப்படி வருகிறதென்று அவனுக்குத் தெரியும். கணக்கெடுக்கிற கம்பனிக்காரர் ஏதோ சில வீடுகளில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், தீப்பெட்டி அளவில். இடுப்பில் கொளுவிக்கொண்டு திரிந்தால், பக்கத்தில் எந்தச் சனல் ஓடுகிறதென்று அது கேட்டுப் பதிந்துகொள்ளும். பெட்டி அசையாமல் கிடந்தால் கணக்கில் இல்லை. யார் வீட்டில் இருக்கிறதென்று ஒருவருக்கும் சொல்லமாட்டார்கள். ஒருவன் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரிப் பெருக்கிக்கொள்வார்கள்.

சிரிப்பு வந்தாலும் பிழைப்பு அதில்தான். அந்தக் கோட்டைக் காட்டித்தான் புரோசார்டில் போன் கடை வைத்திருக்கும் அன்டனை விளம்பரத்துக்கு அரைவாசி மடக்கியிருந்தார்கள். அன்டனும் கைவிட்டால் சனலுக்குப் பூட்டு. ரதீசனுக்கு வீட்டில் கைக்குழந்தை.

பியர்பொன்ட்ஸில் கதவு திறந்ததுமே தொலைக்காட்சி அலறியது. அவர்களுடைய சனல்தான். ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. மாதா படத்துக்குக் கீழே ராசிபலன்!

"இருங்கோவன் அன்ரி, ஒரு விசயம் கதைக்கோணும்."

"நீங்கள் இருங்கோ தம்பி. நான் நடக்கோணும்."

சோபாவிலிருந்து குசினி, குசினியிலிருந்து சோபா. சீனி வருத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"கோயிலடியிலை சனம் கண்டபடி கதைக்குது, அன்ரி."

"கதைக்கட்டும்."

"காசும் கட்டியாச்சு. ஒரு படம்தானே?"

"காசை நீங்களே வைச்சிருங்கோ. ஆனா போடாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

அவனுக்குப் பொறுக்கவில்லை. "நாள் முழுக்க ரீவி பாக்க உங்களுக்கு நேரமிருக்கு. செத்த பிள்ளைக்கு அதிலை ஒரு நிமிசம் குடுக்க மனமில்லையோ?"

யோசெப்பின் நின்றார். சுவெற்றரை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினார்.

இடுப்பில் இரண்டு பெட்டிகள்.

"இது என்ரை. இது டினோஜன்ரை."

"அன்ரி… அதைத் திருப்பிக் குடுத்திருக்கோணும்."

"தெரியும்." அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். "செத்தவீடு முடிஞ்ச கையோடை அது மேசையிலை சும்மா கிடந்தது. உடனை போன் வந்தது. பெட்டி தந்த கம்பனியிலையிருந்து ஒரு பிள்ளை, பிரெஞ்சிலை. 'டினோஜனுக்கு ஏதும் சுகமில்லையோ, பெட்டி அசையேல்லையே' எண்டு கேட்டாள். 'தடிமன் காய்ச்சல், நாளைக்குக் கொளுவுவான்' எண்டிட்டன். எனக்கு வேறை என்ன வாயிலை வரும்? இப்பவும் இடைக்கிடை எடுப்பாள். இந்த ஒரு வருசத்திலை என்ரை பிள்ளை சுகமோ எண்டு கேட்டது அவள் ஒருத்திதான் தம்பி."

"அதுக்கு…"

"நீங்கள் படத்தோடை போட்டால் அவைக்குத் தெரிஞ்சிடும். வந்து வாங்கிக்கொண்டு போயிடுவினம்." பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டார். "உயிரோடை இருக்கேக்கை உங்கடை சனலைப் போட்டாலே எழும்பி ஓடுவான். இப்ப பாவம், நான் போற இடமெல்லாம் வாறான்."

திரையில் மேலே ஏறியிருந்த அந்த ஒற்றைக் கோடு, ரதீசனின் கண்ணுக்கு முன்னால் சோபாவுக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தது.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அன்டன்.

"தம்பி, கையெழுத்து வைக்கப்போறன். முதல்லை உண்மையைச் சொல்லு. பெடியள் பாக்கிறாங்கள் எண்டு மகேந்திரண்ணை சொல்லுறது புளுகுதானே? ஒருத்தனாவது பாக்கிறானோ?"

யோசெப்பின் நடையை நிறுத்தவில்லை. கண் மட்டும் அவன்மேல் இருந்தது.

"ஒருத்தன் பாக்கிறான் அண்ணை," என்றான் ரதீசன். "ஒரு நாளும் விட்டதில்லை."