வெளியார் களஞ்சியம்

"பாஸ்போர்ட்டை எடுங்க" என்றார் ஆர்லோ.

மேசைக்கு எதிரே நின்ற இங்கா, பனி ஒட்டிய கோட்டுக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்ட, நன்றிகூடச் சொல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டார்.

எல்லைச் சாவடி என்று நினைத்துவிடாதீர்கள். பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு, அதன் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து ஆடுவார்களே கர்லிங், அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் அதற்கான சங்கத்தின் கம்ப்யூட்டர் அறை அது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பனித்தரையில், கனடாவிலிருந்து வந்த அணி துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டிருந்தது. ஸ்கோர் காட்ட வேண்டிய பெரிய திரை இருண்டு கிடந்தது.

அந்த ஸ்கோர் புரோகிராமைக் குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து எழுதியவள் இங்கா. இன்றைக்கு ஊர் முன்னால் அது ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் சங்கத்துக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸோடு வரும் புரோகிராம் களஞ்சியத்தில் அது கிடையாது. இணையத்தில் இங்கா சொந்தமாக வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்துதான் இறக்க வேண்டும்.

வெளியார் களஞ்சியம் என்றாலே ஆர்லோவுக்கு வேப்பங்காய். அதன் சொந்தக்காரர் நேரில் வந்து, அரசாங்க அடையாளம் காட்டி, களஞ்சியத்துக்குக் கையெழுத்து மாதிரி இருக்கும் டிஜிட்டல் சாவி தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் ஆர்லோ; பாஸ்வேர்டு அவர் ஒருவரிடம்தான் இருந்தது, என்ன செய்ய?

"சீக்கிரம்யா ஆர்லோ!" சங்கத் தலைவர் வெர்ன் கெஞ்சினார். "இவங்களை உனக்குத் தெரியாதா?"

"தெரியறது வேற, அத்தாட்சி வேற. கண்டதையும் சேர்த்து மெஷின் படுத்துச்சுன்னா நீ வந்து தூக்கி நிறுத்துவியா?"

வெர்ன் தலையில் அடித்துக்கொண்டு, ஸ்கோரைக் கையால் எழுத சாக்பீஸ் தேடப் போனார்.

"பொறந்த ஊரு?"

"ஈலி."

"ஃபோட்டோவுல ஏன் இவ்வளவு கடுப்பா இருக்கீங்க?"

"எடுத்தவரு அப்படி."

அவர் காதில் வாங்கவில்லை. சாவியின் நீளமான எண்ணை அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். எல்லாம் பொருந்தியது. அப்பாடா என்று இங்கா மூச்சு விட்டாள்.

"இருங்க இருங்க." ஆர்லோ நிமிர்ந்தார். "சாவியில இங்கா தார்க்கான்னு இருக்கு. பாஸ்போர்ட்டுல இங்கா ஹாகன்."

"அது பழைய சாவிங்க. பேரு மாறினப்ப மாத்தாம விட்டுட்டேன்."

"நல்லாருக்கு கதை! தார்க்கா யாரோ, ஹாகன் யாரோ. ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படி நம்பறது?"

வெளியே கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிட்டது. கனடாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இங்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆர்லோ பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளினார். "நிராகரிக்கறேன். இந்த ஹாகன்ங்கற பேரு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க!"

இங்கா எட்டி அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீ குடுத்ததுதான்யா!"