ஒரு படி மட்டும்

"மறுபடியும் நின்னுபோச்சா?" என்று என் கணவர் கிருபாசங்கர் பழைய லேப்டாப்பைத் தட்டினார். தறிக்கான பெட்ஷீட் டிசைன் எல்லாம் அதில்தான் இருந்தது.

"கோயமுத்தூர் கொண்டு போகோணும். தறியை உட்டுப்போட்டு நான் வர முடியாது. இந்தத் தடவையும் நீயே போயிட்டு வா அம்மணி."

மாமியார் பழனாத்தாள் கதவோரம் நின்றார். "கோயிலுக்குக்கூடத் தனியா அனுப்பாத ஊடு இது. பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரோணும் கண்ணு."

வெள்ளகோவிலில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

சர்வீஸ் கடை அரங்கசாமி லேப்டாப்பைத் திறந்ததும் சிரித்தார். "ஏனுங்க, இது மூணாவது தடவை. யாரோ உள்ள இருக்கற சுவிட்சைத் தள்ளி பிராசசர் வேகத்தைக் கூட்டி வெச்சிருக்காங்க. அதான் சூடாகி நின்னுக்குது. ஆனா செஞ்ச ஆளு கில்லாடிங்க. ஒரு படிதான் கூட்டியிருக்காரு. இன்னொரு படி போயிருந்தா சிப் கருகியிருக்கும். உங்க ஊட்டுக்காரருங்களா?"

"தெரியலீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தார். உக்கடம் குளக்கரையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் வீடு சேர்ந்ததும் மாமியார் வெளிக்கதவைப் பூட்டினார்.

இருபது நாள் பொறுத்தேன். மாமியார் அசந்து தூங்கிய ஒரு மத்தியானம், தையல் பெட்டியிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தேன். கீபோர்டைக் கழற்றி, அடியில் இருந்த சின்ன சுவிட்சைத் தள்ளினேன்.

ஒரு படி மட்டும். சிப் கருகிவிட்டால் புதுசு வாங்கிவிடுவார்கள். புதுசு லேசில் ரிப்பேராகாது.