வந்திருப்பவரின் பெயர்

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் செம்யோனின் கைக்குழந்தை காலையிலிருந்து ஓயாமல் அழுதது. இறந்துபோன உறவினரே குழந்தையாகத் திரும்பி வருவார், சரியான பெயரைச் சொன்னால் அழுகை அடங்கும் என்பது சைபீரிய யுகாகிர் இனத்தவனான அவனுடைய நம்பிக்கை. தன் ஆட்களின் பெயர்களையெல்லாம் அவன் சொல்லி முடித்தான். மனைவி வதனியும் தன் அப்பா, அம்மா, சித்தப்பாவின் பெயர்களைச் சொன்னாள். அழுகை நிற்கவில்லை.

"உம்மடை தம்பியின்ரை பெயர்?" என்றான், அவளிடம் கற்ற தமிழில்.

தம்பி முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவன். வதனி இன்றும் அவனைத் தேடுகிறாள்.

"செத்த ஆக்களின்ரை பெயரைத்தானே கேட்டனீங்கள்," என்றாள். "சாரங்கன் சாகேல்லை."

அழுகை நின்றது.

வதனி குழந்தையின் தொடையைக் கிள்ளினாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.