மணி என்ன?

தையல்காரி பத்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "மணி என்ன ஆச்சு, அக்கா?"

"கையில வாட்ச்சைக் கட்டிக்கிட்டே மணி கேக்குறா. மறை கழண்டுபோச்சு!" என்று தெருவே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கம் கூடியது. பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன கம்பெனி போன மாதமே மூடிவிட்டது. அதன் ஏஜெண்டும் ஓடிவிட்டான். அவன் மனைவி இஸ்திரிக்காரி தலைகுனிந்து நின்றாள்.

"அத்தனை பேரையும் இழுத்துவிட்டது இவ புருஷன்தான். நாங்க யாரையும் சேத்துவிடலை. இவ தெருவைக் காலி பண்ணணும்" என்றார் சங்கத் தலைவர்.

தையல்காரி எழுந்தாள். "மூணு பேரைச் சேத்துவிட்டா கம்பெனி என்ன கொடுத்துச்சு, தலைவரே?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்:

"சுவர்க்கடிகாரம். கம்பெனி மூடினதும் அவசர அவசரமாக் கழட்டி ஒளிச்சு வச்சீங்க. ஆனா கண்ணு பழக்கத்தை விடலையே! நான் மணி கேட்டதும் இருபத்துமூணு வீட்டுல வெறும் சுவரை நிமிந்து பாத்தீங்க. அங்க ஆணியும், அதைச் சுத்தி அழுக்குப் படாத வட்டமும்தான் இருந்துச்சு. உங்க வீட்டுல ரெண்டு வட்டம், தலைவரே."

"பெரிய யோக்கியக்காரி! உன் வீட்டுச் சுவரைக் காட்டுடி, பாப்போம்!" என்று கத்தினார் தலைவர்.

அவள் பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இந்தத் தெருவுக்கு வந்த முதல் கடிகாரம் இது. இவ புருஷனையே கம்பெனியில சேத்துவிட்டது நான்தான். ஆள் சேத்துவிட்டவங்க பேரையெல்லாம் எழுதி வச்சிருக்கேன்; போலீஸுக்குக் கொடுக்கப்போற அந்தப் பட்டியல்ல என் பேருதான் முதல்ல இருக்கு. தெருவைக் காலி பண்ணணும்னா வரிசையாப் போவோம். நான் முன்னால நடக்குறேன், நீங்க பின்னால வாங்க!"