முதல் உதையிலேயே

விடிவதற்கு முன்பே எழுந்து வண்டிக்கு அடியில் தரையைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

கையை முகர்ந்தேன். வெறும் தூசி வாசனைதான்.

அப்பாடா என்று தறிக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். விளக்கைக்கூடப் போடவில்லை.

செவிலிமேட்டில் எங்கள் வீடு ஒரே நீள அறை. முன்பாதியில் என் மனைவி கிரேஸ் நெய்யும் தறி. அதை ஒட்டி மகள் சந்தியாவின் வண்டி. கடைசியில் அடுப்படி.

வண்டி முதலில் என்னுடையது. உதைத்தால்தான் கிளம்பும் பழைய காலத்து வண்டி. அவள் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பிடுங்கிக்கொண்டாள். ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். அதெல்லாம் கிழவிகள் ஓட்டுவது என்று சிரித்தாள்.

காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வீடு திரும்பும்போது நாங்கள் இருவர்தான் திரும்பினோம்.

வண்டியை விற்றுவிடலாம் என்று மைத்துனன் ஒருநாள் பேச்செடுத்தான். "அப்டியே என்னியும் சேத்து வித்துடு" என்றாள் கிரேஸ். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் கார்ப்பரேட்டர் ஒழுக ஆரம்பித்தது. ராத்திரி வேன் ஓட்டிவிட்டு வந்து படுத்து, வெயில் ஏறி நான் எழுந்தால் வண்டிக்கு அடியில் ஈரம். வீடு முழுக்க பெட்ரோல் நாற்றம்.

கழற்றிச் சுத்தம் செய்தேன். நீடில் மாற்றினேன். ஃப்ளோட்டும் புதிது போட்டேன். கடைசியில் சின்ன காஞ்சிபுரத்து மெக்கானிக் பரசுராமனிடம் தள்ளிக்கொண்டு போனேன். நீடில் போய் உட்காரும் இடமே தேய்ந்துவிட்டது, அது இப்போது எங்கேயும் கிடைக்காது, நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள், அதுதான் வைத்தியம் என்றான்.

மூடிவிட்டுத்தான் படுப்பேன். எழுந்து பார்த்தால் டேப் திறந்திருக்கும்.

மூடினேனா, மூடியதாக நினைத்துக்கொண்டேனா? மகள் போனதிலிருந்து கதவைத் தாழிட்டேனா என்பதையே எழுந்து எழுந்து பார்க்கிறவன் நான். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

"ஊருக்கெல்லாம் வண்டி ஓட்ற, ஒரு டேப்ப மூடத் தெரிலியா உனக்கு?" என்று கிரேஸ் காய்ச்சி எடுப்பாள். நான் தரையைத் துடைப்பேன்.

நேற்று, தறிக்குப் பாவு நூல் கொடுத்துப் புடவையை வாங்கிப்போகும் முருகேசன் வந்தார். கிரேஸ் நெய்து முடித்திருந்த முகூர்த்தப் புடவையை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"கல்யாணப் பொண்ணு கட்டிக்கினு மணையில ஒக்கார்ற பொடவைபா இது. நாளிக்கு வரும்போதும் இந்த வாசன அடிச்சா, அடுத்த பாவு வேற வீட்டுக்குத்தான்."

வண்டியை வெளியே விடலாம் என்றால் எங்கே விடுவது? தெருவோ ஆட்டோ திரும்பாத தெரு. மழைக்காலம் வேறு. விற்பதைத் தவிர வழியில்லை. கிரேஸ் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நேற்றிரவு வேனுக்குப் போகவில்லை. டேப்பை மூடினேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். "மூடிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

இதோ, தரை உலர்ந்திருக்கிறது. வண்டி பிழைத்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கியது.

பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. கிரேஸ் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே பாதித் தூக்கத்தில் வந்தாள். இருட்டில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. வாசல் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

வரும் வழியில் அவள் கை டேங்குக்கு அடியில் போயிற்று. டேப்பைத் திருப்பிவிட்டது.

அவள் வண்டியைப் பார்க்கக்கூட இல்லை. நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் சந்தியா, தலை பின்னிக்கொண்டே "ம்மா, டேப்பு" என்று கத்துவாள். கொஞ்சம் முன்னாலேயே திறந்துவைத்தால்தான் கார்ப்பரேட்டர் நிறைந்து முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும். பால் பாக்கெட்டோடு வரும்போதே கிரேஸ் திறந்துவைத்துவிட்டு வருவாள். நான் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

கையும் களவுமாகப் பிடித்தவன் போல எழுந்தேன். வாங்கிய திட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன்.

சொல்லிவிட்டால் நாளை முதல் அந்தக் கை அங்கே போகாது.

குனிந்து டேப்பை மூடினேன். அதற்குள் சொட்ட ஆரம்பித்திருந்தது. முருகேசன் வருவதற்குள், கார்ப்பரேட்டரில் நிறைந்ததை ஓட்டித் தீர்த்துவிட்டால் நாற்றம் தங்காது. சத்தமில்லாமல் வண்டியை வாசலுக்கு இறக்கி உதைத்தேன்.

முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது.

அடுப்படியிலிருந்து கிரேஸ் குரல் கொடுத்தாள்.

"பாத்து போம்மா."

நான் வண்டியை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கித் தீயும் வாசனை வாசல் வரை வந்தது. அடுப்பை யாரும் நிறுத்தவில்லை.