கழுத்துக்குள் ஒரு ரேகை

பொம்மைப் பட்டறையில் களிமண்ணால் புது முகம் பிடிப்பது என் வேலை. கொஞ்ச நாளாகக் கைக்கு ஒன்றும் வரவில்லை. "பெருசு, சாயங்காலத்துக்குள்ள முகம் வரலேன்னா நாளைக்கு வர வேண்டாம்" என்றார் முதலாளி.

டீ குடிக்கப் போனேன். எவனையும் நம்புகிறவன் இல்லை நான். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் மேசைமேல் ஈரக் களிமண்ணில் ஒரு முகம் சிரிக்கிறது.

"எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இத? ரேகைய வைங்க!" என்றார் முதலாளி. பொம்மைக் கழுத்தின் உட்புறம் அதைச் செய்தவன் கட்டைவிரலை அழுத்துவது பட்டறை வழக்கம். அங்கே ஏற்கெனவே ஒரு ரேகை இருந்தது. அதன்மேலேயே அழுத்தினேன்.

"நாளைக்கு இன்னொண்ணு" என்றார் முதலாளி.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் மண் பிசையும் சத்தம் கேட்டது. நடுவே ஓர் இருமல். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூடக் கூசியது.